சங்கா, தொலைபேசியா, திசைகாட்டியா, பகிஷ்கரிப்பா: ஜனாதிபதித் தேர்தலில் ஒரு வாக்கு எங்கே போய்ச் சேருகிறது?

2024 செப்டெம்பர் 21 அன்று வடக்கு, கிழக்குத் தமிழ் வாக்காளரை ஆளாளுக்கு ஒரு பக்கம் இழுத்தார்கள். தமிழரசுக் கட்சியின் மத்திய குழு தொலைபேசிக்கு, அதாவது சஜித் பிரேமதாசவுக்கு, போடச் சொன்னது. அதே கட்சிக்காரரான முன்னாள் மட்டக்களப்பு எம்.பி. பா. அரியநேத்திரன் தமிழ்ப் பொது வேட்பாளராகச் சங்குச் சின்னத்தில் நின்றார். தமிழ்த் தேசிய மக்கள் முன்னணி வாக்களிக்கவே வேண்டாம், பகிஷ்கரியுங்கள் என்றது. சிலிண்டரோடு ரணில் விக்கிரமசிங்கவும் திசைகாட்டியோடு அநுர குமார திசாநாயக்கவும் நேரிலேயே வந்து கேட்டார்கள். மேடைப் பேச்சு முழுக்க ஆள் யார், கொள்கை என்ன, யார் துரோகி என்பதைப் பற்றியே இருந்தது. எந்தத் தெரிவை எடுத்தால் அந்தச் சீட்டு எண்ணும் மேசையில் என்ன ஆகும் என்று சொன்னவர்கள் குறைவு. தெரிவுகளை ஒன்றோடொன்று வைத்துப் பார்க்க வேண்டிய இடம் அந்த மேசைதான்.

எண்ணும் முறை

இலங்கை ஜனாதிபதித் தேர்தலில் வெல்வதற்குச் செல்லுபடியான வாக்குகளில் பாதிக்கு மேல் வேண்டும். பதிவான வாக்காளர் தொகையில் பாதி அல்ல, போடப்பட்ட சீட்டுகளில் பாதியும் அல்ல. செல்லுபடியானவற்றில் பாதி. இந்த ஒரு சொல்லை மனதில் வைத்துக்கொண்டால், பகிஷ்கரிப்பைப் பற்றிய பாதி வாதம் தானாகவே தீர்ந்துவிடும்.

முதல் எண்ணிக்கையில் யாரும் பாதியைத் தாண்டாவிட்டால், முதல் இருவரைத் தவிர மற்ற எல்லோரும் ஒரே தடவையில் வெளியேற்றப்படுவார்கள். கடைசி ஆளிலிருந்து ஒவ்வொருவராக நீக்கிக்கொண்டு போவதில்லை. வாக்காளர் தன் விருப்ப வரிசையில் 1, 2, 3 என்று மூவர் வரை எண் போடலாம்; 2-உம் 3-உம்தான் விருப்பு வாக்கு. வெளியேறியவர்களின் சீட்டுகளை மட்டும் எடுத்து, 2 எங்கே போடப்பட்டிருக்கிறது என்று பார்ப்பார்கள். களத்தில் நிற்கும் இருவரில் ஒருவருக்கு இருந்தால் அவர் கணக்கில் சேரும். 2 வெளியேறிய இன்னொருவருக்கு இருந்தால் 3-ஐப் பார்ப்பார்கள். அதுவும் இருவருக்கும் இல்லையென்றால் அந்தச் சீட்டின் வேலை முடிந்தது. கடைசியில் இருவரில் கூடுதலாக வைத்திருப்பவர் ஜனாதிபதி.

இதிலிருந்து மூன்று விடயங்கள் வருகின்றன. முதல் இருவரில் ஒருவருக்கு 1 போட்டவரின் 2-ஐயும் 3-ஐயும் யாரும் திறந்துகூடப் பார்க்க மாட்டார்கள். 2 போடுவதால் 1-க்கு எந்தக் கேடும் வராது, ஏனென்றால் 1 பெற்றவர் வெளியேறிய பிறகுதான் 2 உயிர் பெறுகிறது. மூன்றாவதுதான் பலரும் கோட்டைவிடுவது: சிறிய வேட்பாளர் மூவருக்கு 1, 2, 3 என்று போட்டால், மூன்று தடவை போட்டும் இரண்டாம் சுற்றில் அந்தச் சீட்டு இல்லை. இறுதி இருவராக வரக்கூடியவர்களில் யாராவது ஒருவர் அந்த மூன்றுக்குள் இருந்தாக வேண்டும்.

2024-இல்தான் முதற்தடவையாக இந்த இரண்டாம் எண்ணிக்கை நடந்தது. 1982-இலிருந்து அதற்கு முந்திய எட்டுத் தேர்தல்களிலும் முதல் சுற்றிலேயே ஒருவர் பாதியைத் தாண்டியதால், விருப்பு வாக்கு என்பது சட்டப் புத்தகத்திலேயே தூங்கிக்கொண்டிருந்தது.

பகிஷ்கரிப்பு: கணக்கில் விழுவது யாருடைய பக்கம்?

வாக்களிக்காமல் இருப்பதை எதிர்ப்பாகப் பார்ப்பவருக்கு அது எதிர்ப்புத்தான். அந்த அரசியலைக் குறை சொல்ல இடமில்லை. எண்ணும் மேசையில் மட்டும் அதற்குப் பெயர் வேறு. செல்லுபடியான வாக்குகள் குறையக் குறைய, பாதிக் கோடும் கீழே இறங்குகிறது. கோட்டுக்குப் பக்கத்தில் நிற்பவருக்கு அது ஏணி.

2005 நவம்பர் 17 தேர்தலை எடுத்துப் பார்க்கலாம். மஹிந்த ராஜபக்ஷவுக்கு 48,87,152 வாக்குகள், ரணிலுக்கு 47,06,366. மொத்தச் செல்லுபடி 97,17,039. அதில் பாதியை மஹிந்த 28,632 வாக்குகளால்தான் தாண்டினார். விடுதலைப் புலிகளின் பகிஷ்கரிப்பால் யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தில் வாக்களிப்பு 1.21 சதவீதம். பட்டியலில் ஏழு இலட்சத்துக்கும் மேல் பெயர்கள் இருந்தன. அத்தனை பேரும் ஊரில் இருந்தவர்கள் அல்லர், இடம்பெயர்ந்தவர்களும் கடல் கடந்தவர்களும் அதில் உண்டு. அதைக் கழித்தாலும், மஹிந்தவுக்கு அல்லாமல் வேறு எவருக்காவது இன்னும் 57,266 பேர் போட்டிருந்தால் அவர் பாதிக் கோட்டுக்குக் கீழே வந்திருப்பார். ரணிலுக்கே போட வேண்டும் என்றுகூட இல்லை. யாருக்குப் போட்டாலும் சரி, இரண்டாம் எண்ணிக்கை நடந்திருக்கும். இரண்டாம் எண்ணிக்கையில் முடிவு மாறியிருக்கும் என்று சொல்வதற்கு வேறு கணக்கு வேண்டும். இருவருக்கும் இடையிலான வித்தியாசம் 1,80,786.

எனவே பகிஷ்கரிப்பை எடைபோடுகிறவர் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று: தெற்கில் முன்னணியில் நிற்பவர் பாதிக் கோட்டை நெருங்குகிறாரா? நெருங்கினால், வீட்டிலிருப்பது அவருக்குக் கைகொடுப்பதாகும். யாரும் நெருங்காத தேர்தலில் பகிஷ்கரிப்பால் முடிவு அசையாது. அதே காரணத்தால் அது எவர் காதிலும் விழாது.

செல்லாத வாக்குப் போட்டு எதிர்ப்பைக் காட்டலாம் என்றும் சிலர் சொல்வார்கள். செல்லாத சீட்டும் வராத வாக்காளரும் இந்தக் கணக்கில் ஒன்றே. இரண்டும் பாதிக் கோட்டை உயர்த்துவதில்லை.

சங்கு: சொல்ல வந்ததைச் சொன்னதா?

தமிழ் வேட்பாளர் ஒருவர் வெல்ல முடியாது என்பது அவருக்கும் தெரியும், போடுபவருக்கும் தெரியும். அதனால் வெற்றி தோல்வியை வைத்து அதை அளப்பது நியாயமில்லை. எத்தனை பேர் அந்தச் செய்தியைச் சொல்ல வந்தார்கள் என்பதுதான் அளவு.

1982-இல் குமார் பொன்னம்பலம் 1,73,934 வாக்குகள் எடுத்தார், நாடு முழுக்க 2.67 சதவீதம். யாழ்ப்பாணத்தில் அவரே முதலாவது. ஆனால் அங்கே இரண்டாவதாக வந்தவர் யார் என்பதுதான் கவனிக்க வேண்டியது. அப்போதைய ஜனாதிபதி ஜே.ஆர். ஜயவர்தனவை விட நன்றாக முந்திக்கொண்டு வந்தவர் சுதந்திரக் கட்சியின் ஹெக்டர் கொப்பேகடுவ. சிறிமா பண்டாரநாயக்கவின் ஆட்சியில் விவசாய, காணி அமைச்சராக இருந்தவர். இறக்குமதிக்குத் தடை இருந்த அந்தக் காலத்தில் யாழ்ப்பாணத்து வெங்காயமும் மிளகாயும் நல்ல விலைக்குப் போயின. 1977-க்குப் பின் ஜே.ஆர். அரசு இறக்குமதிக்குக் கதவைத் திறந்துவிட்டதும் தோட்டக்காரன் கை சுட்டது. இனத்தை மட்டும் பார்த்துத்தான் தமிழர் வாக்களிக்கிறார்கள் என்று தெற்கில் சொல்பவர்களும், இனத்தை மட்டும் பார்த்துப் போடுங்கள் என்று வடக்கில் சொல்பவர்களும் மறந்துவிடும் தேர்தல் அது.

பிறகு எம்.கே. சிவாஜிலிங்கம் 2010-இல் நின்று 9,662, 2019-இல் நின்று 12,256. பின்னால் அமைப்பு இல்லாத தனி ஆளின் அளவு அது. 2024-இல் கட்சிகளும் சிவில் அமைப்புகளும் சேர்ந்து நிறுத்திய அரியநேத்திரனுக்கு 2,26,343. நாடு முழுக்க 1.70 சதவீதம் என்று பார்த்தால் சிறிதாகத் தெரியும். யாழ்ப்பாணத்தில் 1,16,688. அங்கே முதலாவதாக வந்த சஜித்துக்கு 1,21,177. வித்தியாசம் 4,489. தமிழரசுக் கட்சி எதிர்த் திசையில் நின்றும் இவ்வளவு.

மறுபக்கமும் உண்டு. மொத்தத்தில் பாதிக்கு மேல் யாழ்ப்பாணத்திலிருந்தே வந்தது. வேட்பாளரின் சொந்த மாவட்டமான மட்டக்களப்பில் 36,905-தான். அங்கே சஜித்துக்கு 1,39,110, ரணிலுக்கு 91,132, அநுரவுக்குக்கூட அரியநேத்திரனைவிடக் கொஞ்சம் கூட. வடக்கும் கிழக்கும் ஒரே குரல் என்ற செய்தியைச் சொல்ல நின்றவருக்கு, அந்தக் குரல் இரண்டாகவே கேட்டது. யாழ்ப்பாணத்தில் சங்கு ஒரு கருத்துக்கணிப்பாக வேலை செய்தது, கிழக்கில் வேலை செய்யவில்லை. இதுதான் இந்தக் கட்டுரையின் தீர்ப்பு. அடுத்த தடவை பொது வேட்பாளர் என்று கிளம்புபவர்கள் முதலில் மட்டக்களப்பிலிருந்து கணக்கைத் தொடங்குவது நல்லது.

சங்கோடு 2

சங்குக்கு 1 போட்டுவிட்டு, சஜித்துக்கோ அநுரவுக்கோ 2 போட்டிருந்தால்? மேலே சொன்ன விதிப்படி இழப்பதற்கு எதுவும் இல்லை. செய்தியும் பதிவாகும், முடிவிலும் கை இருக்கும். ஆனாலும் பெரும்பாலானோர் செய்யவில்லை. சங்குக்காரர் மட்டுமல்ல, நாடே செய்யவில்லை.

முதல் எண்ணிக்கையில் அநுர 56,34,915 (42.31 சதவீதம்), சஜித் 43,63,035 (32.76). மொத்தச் செல்லுபடி 1,33,19,616. அப்படியென்றால் மற்ற எல்லோருக்கும் சேர்த்து விழுந்தது 33,21,666. இதில் ரணிலுக்கு மட்டும் 22,99,767. இந்த 33 இலட்சத்தில் விருப்பு வாக்காக இருவருக்கும் போய்ச் சேர்ந்தது எவ்வளவு? அநுரவுக்கு 1,05,264, சஜித்துக்கு 1,67,867. கூட்டினால் 2,73,131. நூற்றுக்கு எட்டுப் பேர். மீதி முப்பது இலட்சத்துக்கும் மேற்பட்ட சீட்டுகள் இரண்டாம் சுற்றில் வாய் திறக்கவில்லை.

அவர்கள் எல்லோரும் 2 போட்டிருந்தால் முடிவு மாறியிருக்குமா? விட்ட வாக்குகள் 30,48,535. இறுதி வித்தியாசம் 12,09,277. சஜித் முந்த வேண்டுமானால் அந்த விட்ட சீட்டுகளில் ஏறத்தாழ 70 சதவீதம் அவருக்கு வந்திருக்க வேண்டும். 2, 3 போட்டவர்களிடையே அவர் எடுத்தது 61.5 சதவீதம். அதே அளவில் எல்லோரும் போட்டிருந்தால் வித்தியாசம் 5 இலட்சம் அளவுக்குச் சுருங்கியிருக்கும், ஆள் மாறியிருக்காது. ஆகவே 2024-இல் யாரும் யாரையும் தோற்கடித்துவிடவில்லை. சங்குக்குப் போட்டதால்தான் சஜித் தோற்றார் என்ற பேச்சுக்கு எண்ணில் ஆதாரம் இல்லை.

சரி, ஏன் போடவில்லை? பழக்கமின்மை ஒன்று. பெரிய கட்சிகள் சொல்லித் தராதது இன்னொன்று. 2 போடச் சொன்னால் 'நான் தோற்பேன்' என்று ஒப்புக்கொண்டதாகிவிடும் என்று வேட்பாளர் அஞ்சுகிறார். மூன்றாவது காரணம் புள்ளடி, அதாவது X அடையாளம். பாராளுமன்றத் தேர்தலில் கட்சிச் சின்னத்துக்குப் புள்ளடி, பிறகு விருப்பு எண்களில் மூன்றுக்குப் புள்ளடி. கை அதற்கே பழகியிருக்கிறது. ஜனாதிபதித் தேர்தலில் ஒருவருக்கு மட்டும் போடுபவர் புள்ளடி போட்டாலும் செல்லும், 1 என்று எழுதினாலும் செல்லும். இரண்டு பேருக்குப் புள்ளடி போட்டால் போச்சு. இருவருக்கு 1 போட்டாலும் போச்சு. 1 இல்லாமல் 2, 3 மட்டும் எழுதினாலும் அப்படியே. குழப்பமே வேண்டாமென்றால், விருப்புத் தெரிவு செய்பவர் புள்ளடியை மறந்துவிட்டு 1, 2, 3 என்ற எண்களை மட்டும் எழுதுவது பாதுகாப்பு. பெயர், கையொப்பம், திட்டு, வாழ்த்து எதுவும் சீட்டில் வேண்டாம்.

2024-இல் நிராகரிக்கப்பட்ட சீட்டுகள் 3,00,300. இரண்டாம் சுற்றில் எண்ணப்பட்ட மொத்த விருப்பு வாக்குகளைவிட அது கூட.

தெற்கின் வேட்பாளருக்கு நேரே போடுவது

பெரும்பாலான தமிழ் வாக்காளர் கடைசியில் எடுக்கும் தெரிவு இதுதான். இது எப்போது பலிக்கும், எப்போது பலிக்காது என்பதைத் தெற்கு தீர்மானிக்கிறது. 2015-இல் மைத்திரிபால சிறிசேன மஹிந்தவை 4,49,072 வாக்குகளால் வென்றார். வடக்கு, கிழக்கின் ஐந்து தேர்தல் மாவட்டங்களில் மட்டும் மைத்திரி எடுத்த முன்னிலை ஆறரை இலட்சம் அளவு. தெற்கு பிளந்து நின்றதால் வடகிழக்கு முடிவு சொன்னது. நாலே முக்கால் ஆண்டு கழித்து 2019-இல் யாழ்ப்பாணத்தில் சஜித்துக்கு 83.86 சதவீதம், மைத்திரிக்குக் கிடைத்ததைவிட அதிகம். கோட்டாபய 13,60,016 வாக்கு வித்தியாசத்தில் வென்றார். ஒற்றுமையாக ஒரே பக்கம் போடுவது தன்னளவில் பலம் அல்ல, எதிர்ப்பக்கம் சமமாக இருக்கும்போதுதான் பலம்.

கட்சித் தலைவர் கைகாட்டும் ஆளுக்கு வாக்கு போகும் என்பதும் பாதி உண்மைதான். 2024-இல் நுவரெலியாவில் இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ் ரணிலோடு நின்றது, தமிழ் முற்போக்குக் கூட்டணி சஜித்தோடு. சஜித்துக்கு 2,01,814, ரணிலுக்கு 1,38,619. அநுரவுக்கு மலையகக் கட்சித் தலைவர் எவரும் துணையில்லாமல் 1,05,057.

வேட்பாளர்களை ஒப்பிடும்போது விஞ்ஞாபனத்தை ஆரம்பத்திலிருந்து வாசித்துக்கொண்டு போவதில் பயன் குறைவு. ஒவ்வொரு வாக்குறுதியையும் எடுத்து, அதை நிறைவேற்ற யாருடைய கை வேண்டும் என்று பிரித்துவிட்டால் போதும். இராணுவம் வைத்திருக்கும் காணியை விடுவிப்பது, கைதிகளுக்கு மன்னிப்பு, ஆளுநர் நியமனம் போன்றவை ஜனாதிபதியின் ஒரு கையெழுத்து. முப்படைகளின் தளபதி அவர்தான். பயங்கரவாதத் தடைச் சட்டத்தை நீக்குவதற்கும் வரியைக் கூட்டிக் குறைப்பதற்கும் 225 பேர் கொண்ட பாராளுமன்றத்தில் சாதாரணப் பெரும்பான்மை வேண்டும். அரசியலமைப்பை மாற்ற 150. நிறைவேற்று ஜனாதிபதி முறையையே ஒழிப்பதற்கு 150-உடன் சர்வசன வாக்கெடுப்பும்.

மாகாண சபைத் தேர்தல் இதில் எங்கே விழுகிறது என்று பலருக்குத் தெரியாது. அதற்கு அரசியலமைப்புத் திருத்தம் தேவையில்லை. 2017-இல் கொண்டுவந்த கலப்பு முறைச் சட்டம் எல்லை நிர்ணயத்தில் சிக்கிக்கொண்டது, 2018-இல் அந்த அறிக்கையைப் பாராளுமன்றமே தோற்கடித்தது. பழைய முறைக்குத் திரும்ப ஒரு சாதாரணச் சட்டம் போதும். 2014 செப்டெம்பரில் ஊவாவுக்கு நடந்ததற்குப் பின் 2024 ஜனாதிபதித் தேர்தல் நாள்வரை எந்த மாகாணத்துக்கும் தேர்தல் இல்லை. அந்தப் பத்தாண்டில் ஆட்சியிலோ ஆதரவிலோ இருந்த எவரும் 'எனக்குப் பெரும்பான்மை இல்லை' என்று சொல்லித் தப்ப முடியாது.

இந்த அளவுகோலை 2024-இன் மூவருக்கும் வைத்துப் பார்க்கலாம். ரணில், மாகாண சபைகளுக்கு அதிகாரம் கொடுக்கும் 13-ஆம் திருத்தம், பொலிஸ் அதிகாரம் தவிர, என்றார். கையில் இரண்டு ஆண்டு ஜனாதிபதிப் பதவி இருந்தது, அதனால் கையெழுத்து வகை வாக்குறுதிகளில் அவருடைய பழைய கணக்கைப் பார்த்தாலே போதும், புதிய பேச்சு தேவையில்லை. அவருடைய கட்சிக்கோ பாராளுமன்றத்தில் ஒரே ஓர் ஆசனம். பொருளாதாரத்தில் அவருக்கு ஒரு கதை இருந்தது: 2022 ஏப்ரலில் கடன் கட்ட முடியாதென்று அறிவித்த நாடு, 2023 மார்ச்சில் சர்வதேச நாணய நிதியத்தின் 2.9 பில்லியன் டொலர் திட்டத்துக்குள் வந்தது, வரிசைகள் போயின. அதற்கு விலையாக 2024 ஜனவரியில் வற் வரி 18 சதவீதம் ஆனது. வரிசையை நினைப்பவர் ஒரு பக்கம், கடை பில்லைப் பார்ப்பவர் மறுபக்கம். சஜித் 13-ஐ முழுமையாக என்றார். மூவரில் பாராளுமன்றப் பலம் அதிகம் இருந்தவர் அவர், 2020-இல் 54 ஆசனங்கள். அநுர புதிய அரசியலமைப்பு என்றார், அதற்கிடையில் ஓராண்டுக்குள் மாகாண, உள்ளூராட்சித் தேர்தல்கள் என்றது அவர் விஞ்ஞாபனம். கையில் இருந்தவை மூன்று ஆசனங்கள். புதிய பாராளுமன்றம் இல்லாமல் கையெழுத்தைத் தாண்டி அவரால் எதுவும் ஆகாது என்பது அன்றைக்கே தெரிந்த விடயம். பதவியேற்ற மறுநாளே கலைத்தார்.

போட்டியிட்ட 38 பேரைப் பற்றியும் ஒரு வார்த்தை. இரண்டு அடிக்கும் நீளமான சீட்டு. கட்டுப்பணம் கட்சி வேட்பாளருக்கு 50,000 ரூபாய், சுயேச்சைக்கு 75,000. எட்டில் ஒரு பங்கு வாக்கு எடுக்காதவருக்கு அது திரும்பாது. தெரிந்தே இழக்கிறார்கள், ஏனென்றால் ஒவ்வொரு வேட்பாளருக்கும் வாக்கெண்ணும் நிலையத்தில் முகவர்கள், அரச ஊடகத்தில் நேரம். அந்த இரண்டும் வேறொரு பெரிய வேட்பாளருக்குப் பயன்படலாம். நீளச் சீட்டில் பெயரைவிடச் சின்னத்தைத் தேடுவதுதான் கையில் பிழை வராத வழி.

ஜனாதிபதி வாக்கைக் கட்சி வாக்காக எண்ணிவிடக் கூடாது என்பதற்கும் 2024-தான் சாட்சி. செப்டெம்பரில் யாழ்ப்பாணத்தில் அநுரவுக்கு 27,086, நாலாவது இடம். எட்டு வாரம் கழித்து, நவம்பர் 14 பாராளுமன்றத் தேர்தலில், அதே மாவட்டத்தில் திசைகாட்டிக்கு 80,830 வாக்குகளும் ஆறில் மூன்று ஆசனங்களும். நாடு முழுக்க 159, அதாவது 150-ஐயும் தாண்டி. ஜனாதிபதி யாரென்று தெரிந்த பிறகு, ஆளும் பக்கத்தில் ஊருக்கு ஓர் ஆள் இருக்கட்டும் என்ற கணக்கும், வீடும் (தமிழரசுக் கட்சி) சங்கும் சைக்கிளும் (தமிழ்த் தேசிய மக்கள் முன்னணி) ஒன்றையொன்று வெட்டிக்கொண்டதில் வந்த சலிப்பும் சேர்ந்த வாக்கு அது. 2025 மே 6 உள்ளூராட்சித் தேர்தலில் யாழ்ப்பாணத்தில் வீடு மறுபடி முன்னுக்கு வந்தது.